ஜெர்பிலுக்கு நம் வீட்டு அடுப்படியிலிருந்து என்ன கொடுக்கலாம்?

ஜெர்பில் என்ற சின்ன எலியினச் செல்லப்பிராணியை வாங்கி வந்த வீடுகளில் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும். கடையில் கொடுத்த தீனிப் பை தீரப்போகிறது, அடுத்த பை விலை அதிகம், வீட்டில் இருப்பதையே கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். ஆனால் அப்படி நினைத்தவுடன் பெரும்பாலோர் திறப்பது ஃபிரிட்ஜைத்தான். கேரட், கீரை, வெள்ளரிக்காய், பழம் என்று கை போகும். முயலைப் பார்த்துப் பழகிய பழக்கம் அது. ஜெர்பிலுக்குத் திறக்க வேண்டியது தானிய டப்பாவை. காய்ந்தது முதலில், ஈரமானது கடைசியில், அதுவும் துளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் உங்களுக்கே தோன்றிவிடும்.

நான் எழுதுவது சிங்கப்பூரிலிருந்து. இங்கே ஜெர்பில் வளர்க்க அனுமதி உண்டு, வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஜோடி ஜோடியாக வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் கிடைப்பது இன்னொரு எலியினச் செல்லப்பிராணியான ஹாம்ஸ்டர்தான். அதை வளர்ப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். ஒரே ஒரு எச்சரிக்கை: குட்டை ரக ஹாம்ஸ்டர்களுக்கு நீரிழிவு எளிதில் வரும், ஆகவே பழம், கேரட் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்கள் இன்னும் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இது எங்கிருந்து வந்த பிராணி

வீட்டில் வளர்க்கப்படுவது மங்கோலிய ஜெர்பில். மங்கோலியாவிலும் வட சீனாவிலும் உள்ள காய்ந்த புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் பிராணி. 1935-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிடித்துச் சென்ற சில ஜோடிகளின் வாரிசுகள் 1954-இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. அங்கிருந்துதான் செல்லப்பிராணிக் கடைகளுக்கு வந்தன. நம் ஊருக்கு இந்தக் கூட்டம் அந்நியமில்லை. தமிழ்நாட்டு வயல்களில் வளை தோண்டும் வெள்ளெலி இந்திய ஜெர்பில்தான், இதற்கு ஒன்றுவிட்ட உறவு.

அந்தப் புல்வெளியில் மழை குறைவு, குளிர்காலம் நீளம். புல் விதை, தானியம், செடித் தண்டு, வேர், அவ்வப்போது ஒரு பூச்சி, இவ்வளவுதான் சாப்பாடு. கிடைக்கும்போது இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் பதுக்கி வைக்கும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் உடம்பு. சிறுநீர் சில சொட்டுதான் போகும், புழுக்கை காய்ந்து கெட்டியாக இருக்கும். இப்படிப்பட்ட வயிற்றுக்குள் ஒரு துண்டு தர்பூசணியைத் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுப்போக்குதான்.

வளர்ந்த ஜெர்பில் ஒன்றின் எடை சுமாராக 60 முதல் 100 கிராம். நம் கண்ணுக்குச் சின்னத் துண்டாகத் தெரிவது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. அளவு சொல்லும் இடங்களில் எல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: அடிப்படைத் தீனி

வீட்டுத் தானியத்தை மட்டும் வைத்து ஜெர்பிலை வளர்க்க முயலாதீர்கள். தானியங்களில் பாஸ்பரஸ் இருக்கும் அளவுக்குக் கால்சியம் இருக்காது. சில வைட்டமின்களும் போதாது. ஜெர்பிலுக்கென்றோ, ஹாம்ஸ்டருக்கென்றோ, பொதுவாக எலியினத்துக்கென்றோ விற்கும் தீனி ஒன்று எப்போதும் இருக்கட்டும். பையின் பின்பக்கம் பாருங்கள்: புரதம் 12 முதல் 16 சதவீதம், கொழுப்பு 4 முதல் 8 சதவீதம் என்ற அளவில் இருந்தால் நல்லது. முயல் தீனியும் கினிப் பன்றித் தீனியும் வேண்டாம். அவை புல் தின்னும் பிராணிகளுக்கானவை.

இதில் இரண்டு வகை வரும். ஒன்று, எல்லாவற்றையும் அரைத்து ஒரே உருண்டையாகச் செய்தது. இன்னொன்று, விதைகளும் தானியங்களும் கலந்தது. கலவை வகையில் ஜெர்பில் தனக்குப் பிடித்த சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதை மண்ணில் புதைத்துவிடும். வீட்டுத் தானியம் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் உருண்டை வகையை வாங்குவதே என் யோசனை. சத்தை உருண்டை பார்த்துக்கொள்ளும், வாய்க்கு வேலையைத் தானியம் பார்த்துக்கொள்ளும்.

அளவு: ஒரு ஜெர்பிலுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. ஜெர்பில் தனியாக இருக்கும் பிராணி இல்லை, ஜோடியாகத்தான் வளர்க்க வேண்டும், ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கு 20 கிராம். இதில் நான்கு பங்கு கடைத் தீனி, ஒரு பங்கு வீட்டுத் தானியம் என்று வைத்துக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. காய், விதை, முட்டை எல்லாம் இதற்கு மேல் வரும் நொறுக்குத்தீனிதான். அது மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தானிய அலமாரி

இங்கேதான் தமிழ் வீடுகளுக்கு யோகம். வெளிநாட்டில் ஜெர்பில் வளர்ப்பவர்கள் கடை கடையாகத் தேடும் சிறுதானியங்கள் நம் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. செல்லப்பிராணிக் கடையில் பறவைகளுக்கென்று அழகாகக் கட்டித் தொங்கவிட்டு விற்கும் காய்ந்த கதிரைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது தினைக் கதிர்தான். அதையே சிங்கப்பூரின் இந்தியக் கடைப்பகுதியான தேக்காவில் மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கலாம், கதிராக இல்லாமல் மணியாக.

தினை, சாமை, குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு எல்லாம் ஆகும். வேகவைக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், வறுக்கவும் வேண்டாம். அப்படியே காய்ந்த மணி. உமி நீக்காத தானியம் கிடைத்தால் இன்னும் நல்லது, உமியை உரித்துத் தின்பதில்தான் ஜெர்பிலுக்குச் சுகம். ஆனால் நம் கடைகளில் சாமையும் தினையும் பெரும்பாலும் உமி நீக்கியே வரும். பரவாயில்லை. உமியோடு வேண்டுமென்றால் பறவைத் தீனி விற்கும் இடத்தில் கேளுங்கள். விதைப்புக்கு வைத்திருக்கும் விதை மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள்.

கோதுமை, பார்லி, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் மூன்றும் நல்லவை. வெறும் அவல் ஒரு சிட்டிகை போடலாம். அரிசியில் தவறில்லை, ஆனால் அதில் சத்தும் பெரிதாக இல்லை. பொரி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பொரியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். உப்புக் கரித்தால் அது உங்களுக்கு.

பருப்பு, பயறு விஷயத்தில் கொஞ்சம் நிதானம். மசூர் பருப்பு, காய்ந்த பட்டாணி, பொட்டுக்கடலை இவற்றில் இரண்டு மூன்று மணி, வாரத்தில் ஓரிரு முறை போதும். ராஜ்மா போன்ற பெரிய அவரைகளைப் பச்சையாகவோ காய்ந்த நிலையிலோ ஒருபோதும் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மனிதருக்கே நாலைந்து கொட்டையில் வாந்தி வரும் சமாச்சாரம் அது.

பருப்பு வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். துவரம்பருப்பில் எண்ணெய் பூசி விற்கும் வகை உண்டு, அதை ஜெர்பிலுக்கு எடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் வண்டு வராமலிருக்க அரிசி, பருப்பு டப்பாவில் போரிக் பவுடர் கலந்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாம் கழுவிச் சமைப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. ஜெர்பில் கழுவாமல் அப்படியே தின்னப்போகிறது. அம்மாவோ பாட்டியோ ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த தானியம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் சிபாரிசு: ஜெர்பிலுக்கென்று சின்னப் பாக்கெட்டாக, எதுவும் சேர்க்காததாகத் தனியே வாங்கி, தனி டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தானியத்தில் வண்டு வந்துவிட்டதா? வண்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஜெர்பில் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். கவலை பூஞ்சணத்தில். சிங்கப்பூர், சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் தானியம் சீக்கிரம் நமத்துப்போகும். முகர்ந்து பார்த்தால் மக்கிய வாடை, மணிகள் ஒட்டிக் கட்டியாகியிருப்பது, பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. 'மனுஷனுக்கு ஆகாது, எலிக்குத்தானே' என்று கழித்ததைக் கொடுக்கும் பழக்கம் மட்டும் கூடாது. வாங்கியவுடன் இரண்டு மூன்று நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வண்டுத் தொல்லையும் குறையும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஓர் எளிய கலவை சொல்கிறேன். தினை இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, ஓட்ஸ் ஒரு பங்கு, பார்லி அல்லது கோதுமை அரைப் பங்கு, கேழ்வரகு அரைப் பங்கு. கலக்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஜெர்பிலுக்குத் தினமும் ஒரு டீஸ்பூன். கேழ்வரகில் கால்சியம் மற்ற தானியங்களைவிட மிக அதிகம், அதனால்தான் சேர்த்தேன். ஆனால் மணி ரொம்பச் சின்னது என்பதால் சில ஜெர்பில்கள் அதைக் கண்டுகொள்ளாது. வற்புறுத்த வேண்டாம்.

கொழுப்பு விதைகள்

சூரியகாந்தி விதை, பூசணி விதை, நிலக்கடலை. ஜெர்பிலைக் கையில் ஏறவைக்க இதைவிடச் சிறந்த லஞ்சம் கிடையாது. அதற்காகவே இவற்றைச் சாப்பாட்டில் கலக்காமல் தனியே வையுங்கள். ஜெர்பிலின் உடம்பில் ஒரு கோளாறு உண்டு: கொழுப்பான தீனி தின்றால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் வெகுவேகமாக ஏறும். ஆய்வுக்கூடங்களில் கொழுப்பு பற்றிய ஆராய்ச்சிக்கு இதைப் பயன்படுத்தியதற்கே அதுதான் காரணம். சூரியகாந்தி விதையில் கால்சியமும் குறைவு. அதையே தின்று வளர்ந்த ஜெர்பில் கொழுத்தும் இருக்கும், எலும்பு பலமில்லாமலும் இருக்கும்.

ஒரு ஜெர்பிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு விதை, கையிலிருந்து மட்டும். நிலக்கடலை என்றால் பாதிப் பருப்பு, வாரம் ஒரு முறை, உப்புப் போடாதது. சாம்பாருக்கு வாங்கிய பரங்கிக்காயின் விதைகளைக் கழுவி நிழலில் நன்றாகக் காயவைத்தால் காசில்லாத விருந்து. முந்திரி, தேங்காய் இரண்டையும் நான் சேர்ப்பதில்லை, கொழுப்பு ஏராளம். பாதாமில் கசப்பு வகைக்குள் சயனைடு நஞ்சு உண்டாகும், ஆகவே அதையும் விட்டுவிடலாம்.

விதையை நீட்டும்போது ஜெர்பில் தானாக வந்து வாங்கட்டும். அவசரப்பட்டு வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், வாலின் தோல் அப்படியே உரிந்து கையோடு வந்துவிடும்.

இப்போது ஃபிரிட்ஜ்

வாங்கி வந்த முதல் இரண்டு வாரம் ஈரமான எதுவும் வேண்டாம். புது இடம், புது வாடை, பயணக் களைப்பு, அதோடு புதுக் காய் என்றால் வயிறு தாங்காது. இரண்டு மாதம் ஆகாத குட்டிகளுக்கும் இதே விதி.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். ஒரு காய், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டு. மறுநாள் புழுக்கையைப் பாருங்கள். காய்ந்து கெட்டியாக இருந்தால் அந்தக் காய் ஆகும் என்று அர்த்தம், நாலு நாள் கழித்து அடுத்ததைச் சோதியுங்கள். இளகியிருந்தால் நிறுத்திவிட்டு ஒரு வாரம் காய்ந்த தீனியோடு விடுங்கள். ஒரே நாளில் மூன்று காய் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நான் முதலில் கொடுக்கச் சொல்வது கொத்தமல்லித் தழை. எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கும், ஜெர்பிலுக்குப் பிடிக்கும், ஓர் இலைக் கொத்து போதும். நன்றாகக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் போன பிறகு கொடுங்கள். அடுத்து புரோக்கோலிப் பூ நுனி, பச்சைப் பட்டாணி ஒன்று, குடமிளகாய்த் துணுக்கு, பரங்கிக்காய்த் துண்டு. கேரட்டில் சர்க்கரை உண்டு, மெல்லிய சீவல் ஒன்று போதும். வெள்ளரிக்காய் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர், அதை இன்னும் சிறிதாக. ஆப்பிள் விதையில்லாமல் ஒரு துணுக்கு, எப்போதாவது. பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், வழக்கமாக்க வேண்டாம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வயிற்றில் காற்றுக் கட்டும். ஐஸ்பெர்க் லெட்டூஸ் என்று பர்கரில் வைக்கும் அந்த வெளிர் இலை வெறும் தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு நேர்வழி.

வாரத்துக்கு இரண்டு நாள் காய் கொடுத்தால் தாராளம். கொடுக்காவிட்டாலும் ஜெர்பில் ஒன்றும் குறைந்துபோகாது. வைட்டமின் சி-யைக்கூட அதன் உடம்பே தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றிக்குத்தான் அது வெளியிலிருந்து வேண்டும். இதைச் சொல்லக் காரணம், 'பாவம், வெறும் காய்ந்ததையே தின்கிறதே' என்று வீட்டில் யாராவது ஒருவர் பரிதாபப்பட்டு ஆரஞ்சுச் சுளையை நீட்டுவார். எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களின் புளிப்பு இதன் வயிற்றுக்கு ஆகாது.

காய் கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் அழுகியிருக்கும். ஜெர்பில் அதைப் புதைத்து வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

புரதம்

கடைத் தீனி சரியாக இருந்தால் தனியே புரதம் தேவையில்லை. ஆசைக்கு, வேகவைத்த முட்டையில் கடுகைவிடப் பெரிய, சுண்டலைவிடச் சிறிய ஒரு துணுக்கை வாரம் ஒரு முறை தரலாம். சைவ வீடுகள் இதைத் தாண்டிப் போய்விடலாம், நஷ்டமில்லை. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் காய்ந்த மாவுப்புழு ஒன்றிரண்டும் ஆகும். சினையாகவோ குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் ஜெர்பிலுக்கு மட்டும் இந்த அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். கருவாடு, நெத்திலி வேண்டாம், அவ்வளவும் உப்பு.

சமைத்த சாப்பாடு ஏன் கூடவே கூடாது

எலி, ஜெர்பில், ஹாம்ஸ்டர் எவற்றாலும் வாந்தியெடுக்க முடியாது. நாய்க்கு ஆகாததைக் கொடுத்தால் பல நேரம் அது வெளியே தள்ளிவிடும். ஜெர்பிலுக்குள் போனது போனதுதான். நச்சு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கச் சொல்வது அதனால்தான்.

நம் வீட்டில் சமைத்ததில் வெங்காயம், பூண்டு இல்லாதது எது? சாம்பார், பொரியல், கூட்டு, சட்னி, குழம்பு எதைத் தொட்டாலும் இரண்டில் ஒன்று இருக்கும். இந்தக் குடும்பத்துக் காய்கள் பச்சையானாலும் வெந்ததானாலும் பொடியானாலும் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெங்காயத்தாள் எல்லாம் ஒன்றே. வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக் கொடுக்கலாமே என்றால், அதே எண்ணெயில், அதே உப்பு காரத்தில் வதங்கியதுதானே அதுவும்.

வெறும் வெந்த சோறு நாலு பருக்கை விஷமில்லை. ஆனால் ஜெர்பில் அதைக் கொண்டுபோய்ப் புதைக்கும், மறுநாள் புளிக்கும். அதற்குக் காய்ந்த தானியமே போடலாம். இட்லி, தோசையில் உப்பு. தயிர்சாதத்தில் உப்பும் பாலும். தாய்ப்பால் மறந்த ஜெர்பிலுக்குப் பால் சீரணமாகாது. முறுக்கு, மிக்சர், அப்பளம், சிப்ஸ், பிஸ்கட் எல்லாம் உப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றின் சேர்மானம்.

தீபாவளி, பொங்கல் சமயம் தனியாகக் கவனியுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அன்போடு கூண்டுக்குள் போடும் லட்டு, பால்கோவா, சாக்லேட். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமினும் காப்பி, டீயில் இருக்கும் கஃபீனும் இந்தச் சின்ன இதயத்தைப் படபடக்க வைத்து நிறுத்திவிடவும் கூடும். பிள்ளைகளிடம் 'போடாதே' என்று சொல்வதைவிட, ஒரு கிண்ணத்தில் எண்ணி நாலு பூசணி விதையை வைத்து 'இதைப் போடு' என்று சொன்னால் வேலை முடிந்தது.

சமைக்காதவற்றிலும் சில உண்டு. பச்சை உருளைக்கிழங்கு, அதன் முளை, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், அவகாடோ, ஆப்பிள் விதை, பிளம், பீச் பழங்களின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடி. திராட்சையும் உலர்திராட்சையும் சர்க்கரை மூட்டை. சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டி சேர்த்த பண்டம் எதுவும் வேண்டாம். உங்களுக்குப் பெயர் தெரிந்து, பாதுகாப்பானது என்று உறுதியாகாத இலையையும் காயையும் சோதித்துப் பார்க்காதீர்கள். சோதனைக்கு உட்படுவது நீங்கள் இல்லை.

போடும் முறை

கிண்ணத்தில் வைத்தால் ஜெர்பில் ஐந்தே நிமிடத்தில் கிண்ணத்தின் மேல் மண்ணை அள்ளிக் குவித்துவிடும். ஹாம்ஸ்டர் மாதிரி கன்னத்தில் பை இதற்குக் கிடையாது, வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத்தான் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே தானியத்தைக் கூண்டு முழுக்கத் தூவிவிடுங்கள். தேடித் தோண்டித் தின்பதில் அதன் பொழுது போகும், உடம்பும் ஏறாது. ஒரு நாள் தானியத்தைத் திசுத்தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் போட்டு இரண்டு முனையையும் மடித்து வையுங்கள். அட்டையைக் கடித்துக் கிழித்துத் திறக்கும். முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கடிக்க ஏதாவது இருந்தே ஆக வேண்டும். பளபளப்பான அச்சும் ஒட்டுநாடாவும் இல்லாத வெற்று அட்டை எதுவும் ஆகும். வேகவைக்காத பாஸ்தா ஒரு துண்டும் நல்ல கடிபொருள்.

மாலையில் ஒரு வேளை போட்டால் போதும். மறுநாள் மேலே ஒன்றும் காணோம் என்று உடனே இன்னொரு கரண்டி போடாதீர்கள், தின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, கீழே கிட்டங்கி நிரம்பிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை ஒரு மூலையைக் கிளறிப் பாருங்கள். நிறையப் பதுக்கல் இருந்தால் இரண்டு நாளைக்கு அளவைப் பாதியாக்குங்கள். பதுக்கலை முழுவதும் காலி செய்ய வேண்டாம், அது பதறிப்போகும். நமத்ததை மட்டும் எடுத்துவிட்டுக் காய்ந்ததை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஈரக்காற்று இதன் ரோமத்தையே எண்ணெய் வைத்ததுபோல் ஒட்டவைத்துவிடும் என்பதால், கூண்டை அடுப்படிக்கும் குளியலறைக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைப்பது தீனிக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

தண்ணீர் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு டீஸ்பூன்தான் குடிக்கும். அதற்காகத் தண்ணீரே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. உலோகக் குண்டு வைத்த தலைகீழ் பாட்டிலைக் கட்டி, தினமும் தண்ணீர் மாற்றி, விரலால் அந்தக் குண்டைத் தட்டி ஒரு சொட்டு வருகிறதா பாருங்கள். பாட்டில் நிறைந்திருந்தும் குண்டு அடைத்துக்கொண்டு தாகத்தில் தவிப்பது உண்டு.

இன்னொன்று. தீனி டப்பாவை வீட்டு எலி எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். டைசர் நோய் என்று ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவால் வருவது, மற்ற எலிகளின் எச்சத்திலிருந்தும் பரவும். ஜெர்பிலுக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு தெரிந்து ஓரிரு நாளில் இறந்துவிடும், சில சமயம் அறிகுறியே இல்லாமலும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

அடுப்படித் தராசு ஒன்று போதும். வாரம் ஒரு முறை ஒரு டப்பாவில் விட்டு எடை போட்டு எழுதி வையுங்கள். 80 கிராம் ஜெர்பில் 72-க்கு இறங்கினால் அது பத்தில் ஒரு பங்கு, நமக்கு ஆறேழு கிலோ குறைந்த கணக்கு. பல் நீண்டு தின்ன முடியாமல் போயிருக்கலாம். மெள்ள ஏறிக்கொண்டே போனால் விதையைக் குறையுங்கள்.

புழுக்கை இளகினால் முதலில் ஈரத்தீனி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீரும் கடைத் தீனியும் மட்டும். சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தால் அன்று பொழுது பார்க்கலாம். பின்பக்கம் நனைந்திருந்தாலோ, கூனிக் குறுகி உட்கார்ந்து ரோமம் சிலிர்த்திருந்தாலோ, தின்ன மறுத்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து நீர் போவது மணிக்கணக்கில் ஆபத்து. மனிதருக்கான, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, மோர் புகட்டுவது இரண்டும் கூடாது. நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் சிறு எலியினங்களைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்று இன்றே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஆகாததைத் தின்றுவிட்டது என்று சந்தேகமிருந்தால், எதை, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

திடீரென்று கை கால் இழுத்து விறைத்துக்கொண்டால் உடனே தீனியைப் பழிக்க வேண்டாம். ஜெர்பில்களில் கணிசமானவற்றுக்குப் பரம்பரையாகவே வலிப்பு வரும், அதிர்ச்சியில் வந்து ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தொடாமல், வெளிச்சத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். தெளியாவிட்டால் மருத்துவர்.

ஊருக்குப் போகும்போது

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் வீடுகளில் ஜெர்பிலை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அங்கே அது உபசாரத்தாலேயே நோய்ப்படும். ஒவ்வொரு நாளுக்குமான தீனியை அளந்து சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். காய், பழம், விதை எதையும் அந்த நாட்களில் சேர்க்க வேண்டாம், கடைத் தீனியும் தானியமும் மட்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் மூன்றே வரி: பொட்டலத்தில் இருப்பது மட்டும், தண்ணீர்ப் பாட்டிலைத் தினமும் தட்டிப் பார்க்கவும், இளகிய புழுக்கை கண்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். அந்தத் தாளைக் கூண்டின் மேலேயே ஒட்டிவிட்டு, உதிரிப் பொட்டலம் இரண்டு அதிகமாக வைத்துவிட்டுப் போங்கள். விமானம் தாமதமாவதும் உண்டு.